0.04 சொல்வதும் சொல்லாததும்

எச்.ஐ.வி. தொற்றை ஓரளவாவது தடுக்கக்கூடிய தடுப்பூசி முதன்முறையாகக் கிடைத்துவிட்டது என்று 2009 செப்டம்பர் 24 அன்று பாங்காக்கில் அறிவித்தார்கள். ஆய்வின் பெயர் ஆர்.வி.144. தாய்லாந்துப் பொதுச் சுகாதார அமைச்சகமும் அமெரிக்க ராணுவமும் முன்னின்று 2003இல் தொடங்கிய ஆய்வு அது. ராயோங், சோன்புரி ஆகிய இரு மாகாணங்களில் 18 முதல் 30 வயதுக்குட்பட்ட 16,402 பேர் தாமாக முன்வந்து அதில் சேர்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்குத் தடுப்பூசி; மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஊசிகள் முடிந்தபின் மூன்றாண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை நடந்தது.

முடிவில் எண்ணிப் பார்த்தார்கள். தடுப்பூசிக் குழுவில் 51 பேருக்குத் தொற்று. வெற்று ஊசிக் குழுவில் 74 பேருக்குத் தொற்று. இதிலிருந்து கணக்கிட்ட செயல்திறன் 31.2 சதவீதம். அதன் பக்கத்தில் ஒரு சின்ன எண்ணும் இருந்தது: பி-மதிப்பு 0.04.

அந்தச் சின்ன எண்தான் செய்தியைச் செய்தியாக்கியது. பி-மதிப்பு 0.05க்குக் கீழே வந்தால் அந்த முடிவு ‘புள்ளியியல் முக்கியத்துவம்’ பெற்றது என்று சொல்வது ஆய்வுலக வழக்கம். மருந்து ஆய்வு, வேளாண்மை, உளவியல், பொருளாதாரம் எல்லாவற்றிலும் இதே கோடுதான். ஆகவே 0.04 என்றதும் பலரும் அதை இப்படிப் படித்தார்கள்: இந்த முடிவு தற்செயலாக வந்திருக்க 4 சதவீத வாய்ப்புதான் உண்டு, எனவே தடுப்பூசி வேலை செய்கிறது என்பது 96 சதவீதம் உறுதி.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 0.04 அப்படிச் சொல்லவே இல்லை. பாடநூல்களிலும் மருத்துவ இதழ்களிலும்கூட இந்தப் பிழை தொடர்ந்து தலைகாட்டுவதால், அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை முதலிலிருந்தே பார்த்துவிடுவது நல்லது.

எண் பிறக்கும் இடம்

ஒரு வாதத்துக்காக, தடுப்பூசி வெறும் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பயனும் இல்லை. இப்படி ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று எடுத்துக்கொள்ளும் தொடக்க அனுமானத்துக்குப் புள்ளியியலில் இன்மைக் கருதுகோள் என்று பெயர்.

இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் ஆட்கள். ஊசியால் பயனில்லை என்றால், தொற்று ஏற்பட்ட 125 பேரில் ஒவ்வொருவரும் தடுப்பூசிக் குழுவில் இருந்தாரா, வெற்று ஊசிக் குழுவில் இருந்தாரா என்பது நாணயம் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். பூ விழுந்தால் இந்தப் பக்கம், தலை விழுந்தால் அந்தப் பக்கம். 125 முறை சுண்டினால் சராசரியாக ஒவ்வொரு பக்கமும் 62 அல்லது 63 விழ வேண்டும். ஆனால் நாணயம் ஒருபோதும் இத்தனை ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. 60-65 விழும், 58-67 விழும், சில சமயம் 55-70கூட விழும். எவ்விதச் சூதும் இல்லாத நாணயத்தின் இயல்பான தள்ளாட்டம் இது.

சரி, 51-74 என்ற அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ, எந்தப் பக்கமாவது, சாய்வது எத்தனை முறை நடக்கும்? கணக்குப் போட்டால் 100க்கு நான்கைந்து முறை என்று வருகிறது. யாருக்கு எப்போது தொற்று வந்தது என்பதையும் சேர்த்து ஆய்வாளர்கள் போட்ட நுணுக்கமான கணக்கில் அது 0.04. இதுதான் பி-மதிப்பு. இதைத் தவிர வேறொன்றும் இல்லை.

இந்த வரையறையில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கணக்கு முழுவதும் ‘ஊசியால் பயனில்லை’ என்ற அனுமானத்துக்குள்ளேயே நடக்கிறது. இரண்டாவது, கிடைத்த 51-74 மட்டும் எண்ணப்படுவதில்லை. அதைவிட அதிகமாகச் சாயும் எல்லா முடிவுகளும், கண்ணால் காணாதவைகூட, எண்ணப்படுகின்றன. மூன்றாவது, இரு பக்கச் சாய்வும் கணக்கில் சேருகிறது, அதாவது தடுப்பூசிதான் தொற்றைக் கூட்டியது போலத் தோன்றியிருக்கக்கூடிய முடிவுகளும். மொத்தத்தில் பி-மதிப்பு ஒரு வியப்புமானி. ‘ஒன்றும் இல்லை’ என்று நம்பிக்கொண்டிருப்பவர் இந்தத் தரவைப் பார்த்து எவ்வளவு வியக்க வேண்டும் என்பதை அது அளக்கிறது.

தலைகீழாகப் படித்தல்

‘ஊசியால் பயனில்லை என்றால், இத்தகைய தரவு வர 4 சதவீத வாய்ப்பு’ என்பது ஒரு கூற்று. ‘இத்தகைய தரவு வந்திருப்பதால், ஊசியால் பயனில்லாமலிருக்க 4 சதவீத வாய்ப்பு’ என்பது இன்னொரு கூற்று. சொற்கள் ஏறக்குறைய அவையேதான். ஆனால் நிபந்தனையும் விளைவும் இடம் மாறிவிட்டன. முதல் கூற்றுக்குத் தேவையான விடை ஆய்வுத் தரவிலேயே இருக்கிறது. இரண்டாவதுக்கு, தரவுக்கு வெளியே இருக்கும் ஒரு தகவலும் வேண்டும்: ஆய்வு தொடங்கும் முன்பே இந்தத் தடுப்பூசி வேலை செய்யும் என்பதற்கு எவ்வளவு முகாந்திரம் இருந்தது?

எண்களை வைத்தே பார்க்கலாம். எச்.ஐ.வி.க்கு எதிராக 100 தடுப்பூசிகள் சோதிக்கப்படுவதாகக் கற்பனை செய்வோம். அவற்றில் உண்மையில் பயனுள்ளவை 10 மட்டும். ஒவ்வொன்றுக்கும் நல்ல ஆய்வு நடக்கிறது. பயனுள்ள ஊசியை 80 சதவீதம் கண்டுபிடித்துவிடும் அளவுக்குப் பெரிய ஆய்வு. ஆக, உண்மையான பத்தில் 8 கோட்டைத் தாண்டும். பயனற்ற 90இல், 0.05 என்ற கோடு வைத்திருப்பதால், 5 சதவீதம், அதாவது நான்கைந்து ஊசிகள் வெறும் அதிர்ஷ்டத்தால் தாண்டும். பத்திரிகையில் ‘வெற்றி’ என்று வரும் 12, 13 ஊசிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போலி. உண்மையில் பயனுள்ளவை 100க்கு 5 தான் என்று வைத்துக்கொண்டால், வெற்றி அறிவிப்புகளில் பாதிக்கு மேல் போலியாகிவிடும். இரு கணக்கிலும் கோடு அதே 0.05. மாறியது, ஆய்வு தொடங்கும் முன்பிருந்த நிலைமை மட்டுமே.

ஆர்.வி.144 விஷயத்தில் அந்த நிலைமை எப்படி இருந்தது? நன்றாக இல்லை. இந்த ஆய்வில் பயன்பட்டது இரட்டைத் தடுப்பூசி: முதலில் ஆல்வாக், பிறகு அதை வலுப்படுத்த எய்ட்ஸ்வாக்ஸ். இதில் எய்ட்ஸ்வாக்ஸ் தனியாகச் சோதிக்கப்பட்டு, பாங்காக்கில் நடந்த பெரிய ஆய்வு உட்பட, 2003க்குள் தோற்றுப்போயிருந்தது. 2004இல் 22 விஞ்ஞானிகள் ‘சயின்ஸ்’ இதழில் எழுதி, இப்படியொரு பெரிய ஆய்வை நடத்தப் போதுமான அறிவியல் முகாந்திரம் இல்லை என்று கேள்வி எழுப்பினார்கள். அதாவது பந்தயம் தொடங்கும் முன்பே பெரும்பாலோர் இந்தக் குதிரையின்மீது பணம் கட்டத் தயாராக இல்லை. அத்தகைய இடத்தில் 0.04 என்ற எண் கொண்டுவரும் உறுதி, பெயர் பெற்ற, பலமுறை நிரூபணமான மருந்தொன்று 0.04 பெறும்போது தரும் உறுதியைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும்.

முன்கூட்டியே சாதகமும் பாதகமும் சரிபாதி என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் என்ன ஆகிறது? புள்ளியியலாளர்கள் தாமஸ் செல்கே, பயாரி, ஜேம்ஸ் பெர்கர் ஆகியோர் 2001இல் இதற்கு எளிய சூத்திரம் ஒன்றைத் தந்தார்கள். பரவலான சூழ்நிலைகளுக்குப் பொருந்தும் அந்தச் சூத்திரப்படி, சரிபாதியில் தொடங்கி பி-மதிப்பு 0.04 வந்தால், ‘பயனில்லை’ என்பது உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பு குறைந்தபட்சம் 26 சதவீதம். நான்கு எங்கே, இருபத்தாறு எங்கே! பி-மதிப்பைத் தலைகீழாகப் படிப்பதால் வரும் இழப்பு அந்த இடைவெளிதான்.

கோடு போட்டது யார்?

0.05 என்ற எல்லை இயற்கை விதித்தது போல இன்று புழங்குகிறது. அதற்குப் பின்னால் இருப்பது ஒரு மனிதரின் வசதி. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919 முதல் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர், 1925இல் ஆய்வாளர்களுக்கான புள்ளியியல் கையேடு ஒன்றை வெளியிட்டார். இருபதில் ஒன்று என்ற அளவை வசதியான எல்லையாகக் கொள்ளலாம் என்று அதில் எழுதினார். கணக்கிடும் இயந்திரம்கூட அரிதாக இருந்த காலத்தில், அட்டவணை பார்த்துக் கணக்குப் போட்டவர்களுக்கு அது உதவியாகவும் இருந்தது.

ஃபிஷரின் சிந்தனை எப்படி ஓடியது என்பதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ரோதம்ஸ்டெட் தேநீர்ச் சோதனை. அங்கே பணிபுரிந்த பாசியியலாளர் மியூரியல் பிரிஸ்டல், கோப்பையில் பால் முதலில் ஊற்றப்பட்டதா, தேநீர் முதலில் ஊற்றப்பட்டதா என்பதைக் குடித்துப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றார். சோதித்துவிடுவோம் என்று முடிவாயிற்று. 1935இல் வெளிவந்த நூலில் ஃபிஷர் இதை எட்டுக் கோப்பைச் சோதனையாக விளக்கினார்: நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், கலைத்துப் போட்ட வரிசை. எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. எதுவும் தெரியாமல் குத்துமதிப்பாகச் சொல்பவர் எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்பு, அதாவது 1.4 சதவீதம். நான்கில் மூன்றை மட்டும் சரியாகப் பிரித்தால் நிலைமை தலைகீழ்: அந்த அளவுக்கோ அதற்கு மேலோ அதிர்ஷ்டத்தால் மட்டுமே அமைய 70இல் 17 வாய்ப்பு. அதை வைத்து ஒருவருடைய நாக்கைப் புகழ முடியாது.

ஃபிஷருக்குப் பி-மதிப்பு, ‘இதை மேலும் பார்க்கலாமா’ என்று கேட்கும் கருவி. 1933இல் ஜெர்சி நெய்மனும் ஏகன் பியர்சனும் வேறொரு வழியை முன்வைத்தார்கள். அவர்கள் வழியில் முன்கூட்டியே கோடு கிழிக்க வேண்டும், இல்லாத பயனை இருப்பதாகவும் இருக்கும் பயனை இல்லாததாகவும் கொள்ளும் இருவகைப் பிழைகளின் அளவையும் நிர்ணயிக்க வேண்டும், பிறகு ஏற்பது அல்லது நிராகரிப்பது என்று முடிவெடுக்க வேண்டும். ஒரு தொழிற்சாலையில் சரக்கை ஏற்பதா, திருப்பி அனுப்புவதா என்று நாள்தோறும் தீர்மானிப்பவருக்கு ஏற்ற வழி. ஃபிஷருக்கும் நெய்மனுக்கும் இதை வைத்துக் கடைசிவரை தீராத சண்டை. பிற்காலப் பாடநூல்களோ இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிளறிவிட்டன. ஃபிஷரின் வியப்பளவை எடுத்து நெய்மனின் கோட்டில் வைத்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் உண்மை, அந்தப் பக்கம் பொய் என்று பிரிக்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது.

ஏழு பேர்

அந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்பதை ஆர்.வி.144 விரைவிலேயே காட்டியது. 2009 அக்டோபரில் முழுக் கட்டுரையும் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தபோது, அதில் மூன்று கணக்குகள் இருந்தன.

சேர்ந்த 16,402 பேரையும் அப்படியே எண்ணினால் தடுப்பூசிக் குழுவில் 56 தொற்று, வெற்று ஊசிக் குழுவில் 76 தொற்று. செயல்திறன் 26.4 சதவீதம், பி-மதிப்பு 0.08. ஆய்வில் சேரும்போதே 7 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது பின்னால் தெரியவந்தது. ஏற்கெனவே தொற்று உள்ளவரைத் தடுப்பூசி காப்பாற்ற முடியாது என்பதால் அவர்களை விலக்கிவிட்டு எண்ணியபோதுதான் 51, 74, 0.04. எல்லா ஊசிகளையும் முறைப்படி போட்டுக்கொண்ட 12,542 பேரை மட்டும் எண்ணினால் செயல்திறன் 26.2 சதவீதம், பி-மதிப்பு 0.16. செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது நடுக் கணக்கு மட்டும். மற்ற இரண்டும் வெளிவந்ததும் சர்ச்சை கிளம்பியது.

அந்த ஏழு பேரை விலக்கியதற்கு நியாயமான காரணம் உண்டு. விலக்கப்பட்டவர்களில் 5 பேர் தடுப்பூசிக் குழு, 2 பேர் மற்றக் குழு என்பது குலுக்கலின் விளையாட்டு. ஆனால் 16,000 பேரில் 7 பேரை எடுத்தாலோ சேர்த்தாலோ ‘முக்கியத்துவம்’ என்ற முத்திரை விழுகிறது, மறைகிறது என்றால், முத்திரையின்மேல் அத்தனை பாரத்தை ஏற்றுவது சரியா என்று கேட்க வேண்டியிருக்கிறது. 0.04, 0.08 ஆகிய இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சான்றைத்தான் சொல்கின்றன. நடுவில் ஒரு கோடு இருப்பதால் ஒன்று வெற்றி, மற்றது தோல்வி என்று ஆகிவிடாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 0.16 வந்ததால் தடுப்பூசி பயனற்றது என்று நிரூபணமாகிவிடவில்லை. சான்று போதவில்லை என்பதே அதன் பொருள். இந்த இடத்தில் பி-மதிப்பைவிட அதிகம் பேசுவது நம்பிக்கை இடைவெளி, அதாவது தரவுக்கு ஒத்துப்போகும் செயல்திறன்களின் வீச்சு. மூன்று கணக்குகளுக்கும் அது இப்படி இருந்தது: 16,402 பேருக்கு, செயல்திறன் மைனஸ் 4 முதல் 47.9 சதவீதம் வரை. ஏழு பேரை நீக்கியபின் 1.1 முதல் 52.1 வரை, முறைப்படி ஊசி போட்டவர்களுக்கு மைனஸ் 13.3 முதல் 51.9 வரை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சண்டைக்கு இடமே இல்லை. மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றன: பயன் இருக்கலாம், கொஞ்சமாக இருக்கலாம், பாதியளவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

சிறிய பி, பெரிய பயனா?

பி-மதிப்பு சிறிதாக இருந்தால் பயன் பெரிது என்று நினைப்பதும் பரவலான பிழை. ஒவ்வொரு குழுவிலும் சுமார் 8,200 பேர். வெற்று ஊசிக் குழுவில் தொற்று விகிதம் 0.9 சதவீதம், தடுப்பூசிக் குழுவில் 0.6 சதவீதம். ஆயிரம் பேருக்கு ஊசி போட்டால் ஏறத்தாழ மூன்று தொற்று குறையும் என்று பொருள். ‘31 சதவீதம்’ என்று சொல்லும்போதும் ‘ஆயிரத்துக்கு மூன்று’ என்று சொல்லும்போதும் உண்மை ஒன்றுதான். காதில் விழும் விதம் வேறு. 0.04 இவ்விரண்டில் எதையும் சொல்வதில்லை.

காரணம், பி-மதிப்புக்குள் பயனின் அளவும் ஆய்வின் அளவும் கலந்து கிடக்கின்றன. இதே விகிதத்தில் பத்து மடங்கு பெரிய ஆய்வு நடந்து 510க்கு 740 என்று வந்திருந்தால், பி-மதிப்பு நூறு கோடியில் ஒன்றுக்கும் கீழே போயிருக்கும். பத்தில் ஒரு பங்கு ஆய்வு நடந்து 5க்கு 7 என்று வந்திருந்தால், பி-மதிப்பு 0.77. மூன்றிலும் ஊசியின் பயன் ஏறக்குறைய அதே அளவுதான். போதுமான அளவு ஆட்களைச் சேர்த்தால், யாருக்கும் உபயோகப்படாத நுண்ணிய வித்தியாசத்துக்கும் அழகான பி-மதிப்பு வாங்கிவிடலாம். சின்ன ஆய்வாக நடத்தினால் உயிர் காக்கும் மருந்தையும் தவறவிடலாம்.

மிதுனமும் துலாமும்

பி-மதிப்புக்கு இன்னொரு பலவீனம் உண்டு: எத்தனை முறை கேட்டோம் என்பது அதற்குத் தெரியாது. பயனற்ற இருபது விஷயங்களைத் தனித்தனியாகச் சோதித்தால், அவற்றில் ஒன்றாவது 0.05க்குக் கீழே வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றை மட்டும் கட்டுரையாக்கி, மற்ற பத்தொன்பதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டால், படிப்பவருக்குத் தெரியவருவது அந்த ஒன்று மட்டுமே.

இதை நெத்தியடியாகக் காட்டியது 1988இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஐசிஸ்-2 ஆய்வு. மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 நோயாளிகள். ஆஸ்பிரின் பெற்றவர்களில் ஐந்து வாரத்தில் ரத்தக்குழாய் சார்ந்த காரணங்களால் இறந்தவர்கள் 9.4 சதவீதம், பெறாதவர்களில் 11.8 சதவீதம். மறுக்க முடியாத வெற்றி. ஆனால் எந்த வயதினருக்குப் பயன், எந்த வகை நோயாளிக்குப் பயன் என்று தரவைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வருமே? அதன் ஆபத்தை உணர்த்த, ஆய்வாளர்கள் நோயாளிகளைப் பிறந்த தேதிப்படி பன்னிரண்டு ராசிகளாகவும் பிரித்துப் பார்த்தார்கள். மிதுன, துலா ராசிக்காரர்களில் ஆஸ்பிரின் பெற்றவர்களிடையே மரணம் 9 சதவீதம் அதிகம்! மற்ற ராசிகளில் 28 சதவீதம் குறைவு. ஜாதகம் பார்த்து ஆஸ்பிரின் கொடுக்க வேண்டும் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டவில்லை. ஆனால் ராசி என்ற இடத்தில் ‘60 வயதுக்கு மேற்பட்ட பெண்கள்’ என்றோ ‘சர்க்கரை நோயாளிகள்’ என்றோ இருந்திருந்தால், ஒரு சிகிச்சை வழிகாட்டியே மாறியிருக்கக்கூடும்.

கெட்ட நோக்கம் இல்லாமலேயே இது நடக்கிறது. எந்தத் தரவை நீக்குவது, எப்போது எண்ணுவதை நிறுத்துவது, எந்த அளவீட்டை முதன்மையாக வைப்பது என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஆய்வாளருக்கு நியாயமான பல வழிகள் இருக்கின்றன. 0.05க்குக் கீழே கொண்டுபோகும் வழி கண்ணுக்கு நியாயமாகத் தோன்றுவது மனித இயல்பு. 2015இல் உளவியல் ஆய்வுகள் நூற்றை வேறு குழுக்கள் மறுபடி செய்து பார்த்தன. மூலக் கட்டுரைகளில் 97 சதவீதம் 0.05ஐத் தாண்டிய வெற்றிகள். மறுபடி செய்தபோது அந்த வெற்றி 36 சதவீதத்துக்குத்தான் கிடைத்தது.

தற்செயலைத் தவிர வேறெந்தப் பிழையும் பி-மதிப்பின் கண்ணில் படாது என்பதையும் இங்கேயே சேர்த்துச் சொல்லலாம். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கி.மீ. தொலைவிலுள்ள இத்தாலியின் கிரான் சாஸ்ஸோவுக்குச் சென்ற நியூட்ரினோ என்ற நுண்துகள்கள், ஒளியைவிட 60 நானோ வினாடி முன்னதாக வந்து சேர்ந்ததாக ஓபரா குழு 2011 செப்டம்பரில் அறிவித்தது. புள்ளியியல் அளவில் அது ஆறு சிக்மா: தற்செயலாக நடக்க நூறு கோடியில் ஒன்றிரண்டு வாய்ப்பு மட்டுமே. சில மாதங்களில் காரணம் தெரிந்தது. ஓர் ஒளியிழைக் கம்பியின் இணைப்பு சரியாகப் பொருந்தவில்லை. பி-மதிப்பு தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. ‘இது தற்செயல் இல்லை’ என்றது, உண்மையிலேயே தற்செயல் இல்லை. ஐன்ஸ்டீன் தவறு என்பதற்கும் கம்பி தளர்ந்திருக்கிறது என்பதற்கும் வித்தியாசம் சொல்வது அதன் வேலை இல்லை.

பிறகு என்ன செய்வது?

1839இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் புள்ளியியல் சங்கம், 2016இல் பி-மதிப்பு பற்றி ஆறு கொள்கைகள் கொண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டது. கருதுகோள் உண்மையா என்பதற்கான நிகழ்தகவைப் பி-மதிப்பு அளப்பதில்லை, பயனின் அளவையும் அளப்பதில்லை, ஒரு கோட்டைத் தாண்டியதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை. 2019இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரையொன்றில் 800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு, முக்கியத்துவம் உண்டு, இல்லை என்று இரண்டாகப் பிரிக்கும் வழக்கத்தையே கைவிடக் கோரினார்கள். அவர்கள் பி-மதிப்பைத் தடை செய்யச் சொல்லவில்லை. சமூக உளவியல் இதழ் ஒன்று 2015இல் தடையே போட்டுப் பார்த்தது. வியப்புமானியைத் தூக்கியெறிந்தால் தற்செயலின் தள்ளாட்டத்தைக் கண்டு ஏமாறுவது இன்னும் எளிதாகிவிடும் என்பது பலருடைய கவலை.

கருவியை வைத்துக்கொள்ளலாம், அதனுடன் சேர்த்துச் சில கேள்விகளையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆய்வுக்கு முன் இதற்கு எவ்வளவு முகாந்திரம் இருந்தது? எத்தனை கணக்குகள் போடப்பட்டன, அவற்றில் எத்தனை காட்டப்பட்டன? பயன் எவ்வளவு, அதன் இடைவெளி எங்கிருந்து எங்கு வரை? வேறொருவர் மறுபடி செய்து பார்த்தாரா? செய்தித்தாளில் ‘ஆய்வில் நிரூபணம்’ என்ற தலைப்பைப் பார்க்கும் எவரும் இவற்றைக் கேட்கலாம். புள்ளியியல் பட்டம் தேவையில்லை.

கடைசிக் கேள்வியை 1926லேயே ஃபிஷர் சொல்லிவிட்டார். ஒருமுறை 0.05ஐத் தாண்டினால் போதாது. ஒழுங்காக வடிவமைத்த சோதனையை எப்போது செய்தாலும் அந்த அளவை எட்டத் தவறுவது அரிது என்ற நிலை வந்தால்தான் அதை அறிவியல் உண்மையாகக் கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறார். உலகம் அவருடைய 0.05ஐ எடுத்துக்கொண்டது, பக்கத்திலிருந்த நிபந்தனையை விட்டுவிட்டது.

ஆர்.வி.144க்கு அந்த மறுசோதனை நடந்தது. தென்னாப்பிரிக்காவில் பரவலாக உள்ள எச்.ஐ.வி. வகைக்கு ஏற்பத் தடுப்பூசியை மாற்றியமைத்து, அதன் துணைப்பொருளையும் மாற்றி, 2016இல் எச்.வி.டி.என்.702 என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். 5,400க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். 2020 பிப்ரவரியில் ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது: தடுப்பூசிக் குழுவில் 129 தொற்று, வெற்று ஊசிக் குழுவில் 123. நாணயக் கணக்குப்படி பி-மதிப்பு 0.7ஐ ஒட்டி வரும். பயன் இருப்பதற்கான சுவடே இல்லை.

தாய்லாந்து முடிவு தற்செயலே என்று இதனால் நிரூபணமாகிவிட்டதா? இல்லை. வைரஸ் வகை வேறு, ஊசியின் கலவை வேறு, தென்னாப்பிரிக்காவில் தொற்று அபாயமும் பல மடங்கு. தாய்லாந்தில் கொஞ்சம் பயன் இருந்து, தென்னாப்பிரிக்காவில் இல்லாமலும் போயிருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்லும் சக்தி 0.04க்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. 96 சதவீதம் உறுதி என்று அன்று படித்தவர்களுக்கு 2020இன் செய்தி ஏமாற்றமாகவும் அறிவியலின் தோல்வியாகவும் தெரிந்திருக்கும். ‘இன்னொரு ஆய்வுக்குப் பணம் செலவிடும் அளவுக்கு இதில் ஏதோ இருக்கலாம்’ என்று படித்தவர்களுக்கு, 2009இல் தொடங்கிய ஒரு கேள்விக்கு வந்த அடுத்த பதில் அது. 0.04ஐச் சரியாகப் படித்தவர்கள் இவர்கள்தான்.